அதிரதர் யார்? புதுவை மண்ணில் வீரரை அளந்த வாதங்கள்

அறுவடை ஓய்ந்து வயல்கள் வெடித்துக் கிடக்கும் கோடை நாட்களில், புதுச்சேரி நகரத்தை விட்டு மேற்கே வில்லியனூரையும் தெற்கே பாகூரையும் நோக்கிச் செல்லும் சாலைகளை ஒட்டிய ஊர்ப்புறங்களிலே, திரௌபதி அம்மனுக்குக் கொடியேற்றிப் பாரத விழா எடுப்பது பன்னெடுங்கால வழக்கம். பகலில் பிரசங்கியார் வில்லிபுத்தூராரின் பாரதத்தை ராகம் இட்டுப் படித்துப் பொருள் விரிப்பார். அன்றிரவே அக்கதை கூத்தாக ஆடப்பெறும். 'கர்ண மோட்சம்' ஆடும் இரவு வந்துவிட்டால், பக்கத்து ஊர்களிலிருந்தும் மக்கள் பாயும் தலையணையுமாக வந்து அமர்ந்துவிடுவர். கிரீடமும் புஜகீர்த்தியும் அணிந்து, திரை விலக்கி, முகவீணையும் மத்தளமும் முழங்கத் தோன்றும் கர்ணனும் அர்ச்சுனனும் வந்த மாத்திரத்தில் அம்பு தொடுத்துவிடுவதில்லை. எதிரெதிரே நின்று, ஒருவன் பிறப்பை ஒருவன் இகழ்ந்தும், தான் பெற்ற அஸ்திரங்களை எண்ணிக் காட்டியும், பழைய போர்களில் மற்றவன் புறங்காட்டிய இடங்களை நினைவூட்டியும், பாட்டிலும் வசனத்திலுமாக நெடுநேரம் வாதிடுவார்கள். கூத்தர் இதனைத் 'தர்க்கம்' என்று வழங்குவர். வில்லினால் தீரவேண்டிய வழக்கு முதலில் சொல்லினால் விசாரிக்கப்படுகிறது.

விடிந்த பின்னும் அவ்வழக்கு முடிவதில்லை. கோயில் திண்ணையிலும், ஏரிக்கரையிலும், தேநீர்க் கடை விசுப்பலகையிலும் அது தொடரும். கவச குண்டலம் கழற்றப்படாமல் இருந்திருந்தால் கர்ணனை வென்றிருக்க முடியுமா என்று ஒருவர் கேட்பார். விராட நகரத்து வெளியிலே தனியொருவனாக நின்று பீஷ்மர் முதலான அத்தனை பேரையும் அர்ச்சுனன் வென்றபோது கர்ணனும் அங்கேதானே இருந்தான் என்று மற்றொருவர் மறுப்பார். எழுத்தறியாதவரும் எட்டு வயதுச் சிறுவரும் கலந்துகொள்ளும் இவ்வாதத்தைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால், நம் மக்கள் நியாயம் பேசப் பழகிய முதற் பள்ளிக்கூடங்களுள் இதுவும் ஒன்று என்பதும், 'யாரினும் யார் வலியர்' என்று தொடங்கிய வினா இந்நாட்டில் காலந்தோறும் 'யார் செய்தது தகும்' என்ற வினாவாக முதிர்ந்து வந்திருக்கிறது என்பதும் என் உறுதியான எண்ணம். அந்த முதிர்ச்சியின் சரித்திரத்தில் புதுவை நகரத்துக்குச் சிறப்பானதோர் இடம் உண்டு.

வீரரை வரிசைப்படுத்தும் ஆசை நாம் இன்று கண்டுபிடித்ததன்று. அது பாரதத்துக்குள்ளேயே இருக்கிறது. உத்தியோக பருவத்திலே, போர் தொடங்கும் முன், இரு சேனைகளிலும் உள்ள வீரர்களின் தரத்தைச் சொல்லும்படி துரியோதனன் கேட்க, பிதாமகராகிய பீஷ்மர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அளக்கிறார். தமிழ் வழக்கிலே அதிரதர், மகாரதர், சமரதர், அர்த்தரதர் என நால்வகையாகச் சொல்லப்படும் அந்தப் பகுப்பு, நம் இலக்கியத்தில் காணும் மிகப் பழைய வலிமைப் பட்டியல்களுள் ஒன்று. அப்பட்டியல் வெறும் எண்ணிக்கை அன்று என்பதே அதன் அருமை. அசுவத்தாமன் வில்வித்தையில் ஈடற்றவன் ஆயினும் உயிர்மேல் ஆசை மிக்கவன் என்று அவர் குறை காண்கிறார். அர்ச்சுனனை எதிர்க்கத் தக்கவர் துரோணரும் தாமுமே அன்றி மூன்றாமவர் இல்லை என்கிறார். கர்ணனையோ, கவச குண்டலங்களை இழந்தவன், பரசுராமரின் சாபத்தைப் பெற்றவன் என்று காரணம் காட்டி அர்த்தரதன், அதாவது அரைத் தேர்வீரன், என்று தாழ்த்திவிடுகிறார். துரோணரும் அதனை ஆமோதிக்கிறார். சினந்தெழுந்த கர்ணன், பீஷ்மர் வீழும்வரை தான் ஆயுதம் எடுப்பதில்லை என்று சூளுரைத்து விலகுகிறான். பத்தாம் நாள் வரையில் கௌரவ சேனை அவன் வில் இன்றியே போரிடுகிறது. ஒருவனுக்கு இட்ட மதிப்பு அப்போரின் போக்கையே மாற்றிவிட்டது. மதிப்பிட்டவர் நடுநிலையாளரா, மதிப்பிடப்பட்டவன் மேல் அவருக்கு முன்பே மனக்கசப்பு உண்டா என்று கேட்கும் உரிமையை வியாசர் நமக்கு அங்கேயே தந்துவிடுகிறார்.

திண்ணை வாதத்தின் நுட்பம் முழுவதும் கர்ணன் வழக்கிலே விளங்கும். அர்ச்சுனன் கட்சியார் மூன்று சான்றுகளை முதலில் எடுத்து வைப்பர்: பாஞ்சாலியின் சுயம்வரத்தில் அந்தண வேடத்தில் இருந்த அர்ச்சுனனோடு பொருது கர்ணன் விலகினான், கந்தருவன் சித்திரசேனன் துரியோதனனைச் சிறைபிடித்தபோது அவனைக் காக்க மாட்டாமல் கர்ணன் களத்தை விட்டான், மீட்டவன் அர்ச்சுனனே, விராட நகரத்துப் போரிலும் அவனுக்கே வெற்றி. விராட பருவம் படித்தால் மழை பெய்யும் என்ற நம்பிக்கையினால் கோடைதோறும் ஊர் ஊராகப் படிக்கப்பட்டு வந்தமையின், இம்மூன்றாம் சான்று எல்லாருக்கும் மனப்பாடமாக இருந்தது. கர்ணன் கட்சியாரோ குருக்ஷேத்திரத்தின் பதினேழாம் நாளை எடுத்துக்கொள்வர். இந்திரன் கவச குண்டலத்தை யாசித்துப் பெற்றுவிட்டான். அதற்கு ஈடாகத் தந்த சக்தி ஆயுதம் கடோற்கசன் மேல் செலவாகிவிட்டது. குந்தி வரம் கேட்டு நாகாஸ்திரத்தை ஒரு முறைக்கு மேல் விடாதபடி தடுத்துவிட்டாள். சாபத்தினால் தேர்ச்சக்கரம் மண்ணில் புதைந்தது. உற்ற நேரத்தில் மந்திரம் மறந்தது. சல்லியன் சாரதியாக இருந்தும் ஊக்கம் கெடுத்தான். கர்ணனைக் கொன்றவர் அறுவர், அர்ச்சுனன் அவருள் ஒருவனே என்று நம்மவர் சொல்லிவருவது இத்தகைய கணக்கினால்தான். போர் முடிந்த பின்னர்க் கண்ணன் இறங்கியவுடன் அர்ச்சுனனுடைய தேர் எரிந்து சாம்பலான செய்தியையும் அவர்கள் மறவாமல் எடுத்துக்காட்டுவர்; துரோணர், கர்ணன் ஆகிய இருவருடைய அஸ்திரங்களால் அத்தேர் முன்பே வெந்துபோயிருந்தது என்றும், தான் அமர்ந்திருந்த காரணத்தாலேயே அது நிலைத்திருந்தது என்றும் கண்ணனே சொல்வதாகப் பாரதம் கூறுகிறது.

இங்கே ஊர்ப்பெரியவர்கள் ஏடு பாராமலே கடைப்பிடித்த சில நெறிகளைக் கவனித்தல் வேண்டும். முதலாவது, மூலநூலே சாட்சி. அர்ச்சுனன் அம்பு கர்ணன் தேரை நெடுந்தூரம் பின்னே தள்ளியும், கர்ணன் அம்பு அர்ச்சுனன் தேரைச் சிறிதே அசைத்தும் கண்ணன் கர்ணனைப் புகழ்ந்தான், ஏனெனில் அந்தத் தேரில் உலகளந்த பெருமானும் கொடியில் அனுமனும் இருந்தனர் என்னும் கதையை எவரேனும் சொன்னால், அது வியாசத்தில் உண்டா, வில்லியில் உண்டா என்று கேட்டுச் சபையார் தடுத்துவிடுவர். இரண்டாவது, வலிமை என்பது நிபந்தனையோடு கூடியது. வரம், சாபம், ஆயுதம், வாகனம், பொழுது, சாரதி என்பவற்றை நீக்கிவிட்டு ஒருவனுடைய பராக்கிரமத்தை மட்டும் தனியே நிறுக்க இயலாது. மூன்றாவது, ஒரு நாள் தோல்வி என்றைக்கும் தாழ்வாகிவிடாது. பதினான்காம் நாளில் பீமனிடம் பலமுறை தோற்று ஓடிய கர்ணன், அதே நாளில் பீமனை நிராயுதபாணியாக்கி, குந்திக்குக் கொடுத்த வாக்கை எண்ணிக் கொல்லாமல் விட்டான். இதைக் கவி செய்த பிழை என்று தள்ளுவாருக்கு, மனிதர் ஒரே நாளில் ஏறவும் இறங்கவும் செய்வர் என்பதே அனுபவம் கண்டவர் சொல்லும் விடை.

சங்கிலி போலக் கோத்து முடிவு காண்பது இவ்வாதத்தின் மற்றொரு முறை. கார்த்தவீரியன் இராவணனைச் சிறைவைத்தான்; கார்த்தவீரியனைப் பரசுராமர் கொன்றார்; பரசுராமரின் வில்லை வாங்கி வளைத்து அவருடைய செருக்கை அடக்கினான் இராமன்; ஆகவே இலங்கைப் போரின் முடிவு மிதிலையிலிருந்து திரும்பும் வழியிலேயே தீர்ந்துவிட்டது என்பர் சிலர். ஆயின் அதே பரசுராமரோடு பீஷ்மர் இருபத்துமூன்று நாள் பொருது தோற்கவில்லை என்கிறது பாரதம். அப்படியாயின் இராமனும் பீஷ்மரும் எதிர்ப்பட்டால் என்ன ஆகும் என்ற வினா உடனே எழும். இரு காவியங்களின் வீரரையும் ஒரே களத்தில் நிறுத்தும் இவ்வினா முறையற்றது என்று சொல்லிவிட முடியாது. வனபருவத்திலே, வழியில் கிடந்த முதுகுரங்கின் வாலைத் தூக்க முயன்று தோற்ற பீமன், அது தன் தமையனாகிய அனுமன் என்று அறியும் இடத்தில், இரண்டு காவியங்களையும் கவியே சந்திக்க வைத்துவிட்டான். எனினும் சங்கிலி முறை எப்போதும் செல்லாது என்பதையும் அப்பெரியோர் அறிந்திருந்தனர். ஒருவன் இருவரை வென்றதனால் அவ்விருவரும் தம்முள் சமம் ஆகிவிடுவதில்லை.

நியாய சாஸ்திரம் வாதத்தை மூன்றாகப் பகுக்கிறது. உண்மை காண்பதற்காக இருவரும் சேர்ந்து ஆராய்வது வாதம். வெல்வதே குறியாகப் பேசுவது ஜல்பம். தனக்கென ஒரு கொள்கை இன்றிப் பிறர் கொள்கையைச் சிதைப்பது மட்டுமே செய்வது விதண்டை. கர்ணனா அர்ச்சுனனா என்று பேசத் தொடங்கும் சபை இம்மூன்றில் எதை நோக்கிச் செல்கிறது என்பது, நடுவில் அமர்பவரின் தகுதியைப் பொறுத்தது. கூத்திலே கட்டியங்காரன் நகைச்சுவையால் இருவரையும் சமன் செய்வான். திண்ணையிலே பாரதம் படிக்கும் பிரசங்கியாரின் சொல்லுக்கு மதிப்பிருந்தது. வில்லியின் பாடலுக்கும் கம்பனின் பாடலுக்கும் வை.மு.கோபாலகிருஷ்ணமாச்சாரியார் எழுதிய விரிவான உரைகள் அச்சேறிய பிறகு, அப்பிரசங்கியாரின் கையில் உறுதியானதொரு சாட்சிப் புத்தகமும் கிடைத்தது.

இந்நிலத்துக்கும் பாரத வாதத்துக்கும் உள்ள உறவு நெருங்கியது. வில்லிபுத்தூரார் பிறந்த சனியூர் திருமுனைப்பாடி நாட்டைச் சேர்ந்தது. அவரை ஆதரித்த வரபதி ஆட்கொண்டானும் அந்நாட்டுக்கே உரியவன். அதாவது, புதுவையைச் சூழ்ந்த பழைய தென்னார்க்காட்டுப் பகுதியே தமிழ்ப் பாரதத்தின் தாய்வீடு. வாதத்தில் தோற்ற புலவரின் காதைத் துறட்டியால் அறுக்கும் வழக்கம் வில்லிக்கு இருந்தது என்றும், அருணகிரிநாதர் பாடிய அந்தாதிச் செய்யுள் ஒன்றுக்குப் பொருள் சொல்ல மாட்டாமல் அவர் தோற்றார் என்றும், வென்ற அருணகிரியார் அவர் காதை அறுக்காமல் கருணை காட்டினார் என்றும் செவிவழிக் கதை ஒன்று உண்டு. அது நடந்ததோ இல்லையோ, வாதத்தில் வெல்வதைக் காட்டிலும் வென்ற பின் நடந்துகொள்ளும் முறையே பெரிது என்று அதனை வழிவழியாகச் சொல்லி வந்தவர்கள் கருதினார்கள் என்பது தெளிவு. வடமேற்கே உள்ள செஞ்சிப் பகுதி, திரௌபதி வழிபாட்டின் முதன்மையான களம். அதன் மேலச்சேரிக் கோயிலைத் தாய்க்கோயிலாகக் கொண்டாடுவர். அந்த வழிபாட்டை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்ட்டபைட்டல் 1988-இல் தம் பெருநூலின் முதற் பகுதியை வெளியிட்டபோது, செஞ்சியையே மையமாக வைத்து எழுதினார்.

1674-இல் பிரான்சுவா மார்த்தேன் அடித்தளம் இட்ட பிரெஞ்சுப் புதுச்சேரியின் எல்லை ஒரே நிலப்பரப்பாக அமைந்ததன்று. ஆங்கிலேயருடைய ஊர்களுக்கு நடுவே துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தது. ஒரு வயலின் வரப்பு ஓர் அரசாங்கத்துக்கும், அடுத்த வரப்பு மற்றோர் அரசாங்கத்துக்கும் உரியதாக இருந்த அந்நாட்டிலே, பாரதக் கதைக்கு எல்லை இருந்ததில்லை. நகரத்துக்குள்ளேயே ஒரு வீதி 'ஈசுவரன் தர்மராஜா கோயில் தெரு' என்று பெயர் தாங்கி நிற்கிறது. 1908-இல் ஆங்கில அரசின் கைக்கு எட்டாமல் புதுவைக்கு வந்து பத்தாண்டு வாழ்ந்த சுப்பிரமணிய பாரதியார் குடியிருந்ததும், இன்று அவர் நினைவகமாக விளங்குவதுமான இல்லம் அத்தெருவிலேதான் உள்ளது. பாண்டவரின் மூத்தவன் பெயர் தாங்கிய வீதியோடு உறவுகொண்ட அக்கவி இந்நகரத்தில் இருந்தபோது, 1912-இல், 'பாஞ்சாலி சபதம்' முதற் பாகத்தை வெளியிட்டார் என்பது பொருத்தமான நேர்ச்சியே. அக்காவியத்தில் அவர் எடுத்துக்கொண்டது எது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பதினெட்டு நாள் போரை அவர் பாடவில்லை. அம்பும் கதையும் அங்கே எழவில்லை. வலிமையில் நிகரற்ற ஐவரும் அறத்தின் பெயரால் கட்டுண்டு தலை குனிந்திருக்க, வலியற்றவள் என்று கருதப்பட்ட ஒருத்தி சபையை நோக்கி நியாயம் கேட்ட அந்த ஒரு நாளையே அவர் பாடினார். வீமனும் அர்ச்சுனனும் அவளும் செய்யும் சபதங்களோடு காவியம் முடிகிறது. வலிமை என்பது என்ன என்ற வினாவுக்கு, இந்நகரத்தில் இருந்து எழுதப்பெற்ற மிக ஆழ்ந்த விடை அதுவே என்று கருதுகிறேன்.

அவருக்கு இரண்டாண்டுக்குப் பின் புதுவை வந்து சேர்ந்தவர் வ.வே.சு. ஐயர். உடல்வலியைப் பேணுதலும் ஆயுதப் பயிற்சியும் இளைஞருக்கு அவசியம் என்று கருதிய அவர், இலக்கியத்திலும் வீரத்தின் சுவையை நாடியவர். பத்தாண்டளவு இந்நகரில் வாழ்ந்து, திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்து, பின்னர்ப் பத்திரிகையில் வந்த கட்டுரைக்காகத் தண்டனை பெற்றுப் பல்லாரிச் சிறையில் இருந்தபோது, கம்பனைப் பற்றி ஆங்கிலத்தில் ஓர் ஆராய்ச்சி எழுதினார். அதிலே வான்மீகி, ஹோமர், வர்ஜில், மில்டன் முதலான மகாகவிகளின் நடுவே கம்பனை நிறுத்தி, பாத்திரம் பாத்திரமாகவும் போர் போராகவும் ஒப்பிட்டுப் பார்த்து, கம்பனுக்கு எவர்க்கும் தாழாத பீடத்தை அளித்தார். திண்ணையில் வீரரை வீரரோடு நிறுத்துப் பார்த்தவர்களின் வேலையை, ஐயர் கவிகளைக் கவிகளோடு நிறுத்துச் செய்தார் என்றால் மிகையன்று. அவர் துணிந்து எடுத்த ஹோமரின் காவியத்திலேயும் இத்தகைய விசாரணை பழையது. இலியத்தின் ஐந்தாம் சருக்கத்திலே கொல்லப்பட்ட பிலேமெனெஸ் என்னும் மன்னன், பதின்மூன்றாம் சருக்கத்திலே தன் மகனின் பிணத்தின் பின்னே அழுதுகொண்டு நடக்கிறான். இதனைப் பண்டைக் கிரேக்க உரைகாரரே கண்டு காரணம் தேடினர். பாத்திரத்தின் முன்னும் பின்னும் ஒத்து நிற்றலைக் கேட்பவர் எந்நாட்டிலும் இருந்தனர். காசுமீரத்து க்ஷேமேந்திரன் பதினோராம் நூற்றாண்டிலே இதனை 'ஔசித்தியம்', அதாவது தகுதியோடு ஒத்தமைதல், என்று பெயரிட்டுக் காவியத்தின் உயிர் என்று சாதித்தான்.

காலம் மாறியபோது வினாவும் மாறியது. பாரதியாரை வழிகாட்டியாகக் கொண்டு, 1891-இல் இப்புதுவை மண்ணில் பிறந்த பாரதிதாசன், 1934-இல் சுயமரியாதை இயக்கத்தின் மேடையில் 'இரணியன் அல்லது இணையற்ற வீரன்' என்னும் நாடகத்தை அரங்கேற்றினார். தலைப்பே ஒரு தீர்ப்பு. புராணம் அசுரன் என்று ஒதுக்கியவனை இணையற்ற வீரன் என்று உயர்த்தியபோது, வரிசைப் பட்டியலை எழுதும் கை யாருடையது என்பதையே அக்கவி கேள்வியாக்கினார். 1943-இல் சென்னைச் சட்டக் கல்லூரியிலும் சேலத்திலும், கம்பராமாயணத்தை வைத்து அண்ணாதுரை ஒருபுறமும் ரா.பி.சேதுப்பிள்ளை, நாவலர் சோமசுந்தர பாரதியார் மறுபுறமுமாக நின்று வாதிட்ட நிகழ்ச்சிகள் அதே வினாவின் விரிவு. கம்பனுக்காக வாதிட்ட அந்நாவலரே, தசரதனின் குறையையும் கைகேயியின் நிறையையும் எடுத்துக்காட்டித் தனி நூல் எழுதியவர் என்பதை நினைவுகூர வேண்டும். ஒரு நூலைப் போற்றுவதும் அதன் பாத்திரங்களை விசாரிப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு அவரே உதாரணம்.

1939-இல் சா.கணேசன் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தோற்றுவித்த பிறகு, இவ்வாதத்துக்கு ஒழுங்கான ஒரு மேடை அமைந்தது. 'பட்டிமண்டபம்' என்ற சொல் மணிமேகலையிலும் திருவாசகத்திலும் வருவது. கம்பனும் அதனைக் கையாண்டிருக்கிறான். அப்பழஞ்சொல்லுக்குக் கம்பன் விழாக்கள் புதுவாழ்வு தந்தன. குன்றக்குடி அடிகளார் போன்ற நடுவர்களின் தலைமையிலே, அணிக்கு இருவர் மூவராகப் பிரிந்து, நூலை ஆதாரமாகக் கொண்டு பேசித் தீர்ப்புக் கேட்கும் முறை ஊரெங்கும் பரவியது. 1954 நவம்பர் 1-ஆம் நாள் பிரெஞ்சு ஆட்சி அதிகாரத்தை ஒப்படைத்த பின்னர்ப் புதுச்சேரியிலும் கம்பன் கழகம் எழுந்தது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக, ஆண்டுதோறும் மே மாதத்தில் மூன்று நாட்கள், கம்பன் கலை அரங்கத்தில் விழா நடந்து வருகிறது. பட்டிமண்டபமும் வழக்காடு மன்றமும் கவியரங்கமும் எங்கும் உண்டு; புதுவைக்கே சிறப்புத் தருவது மேல்முறையீடு. ஒரு நாள் நடுவர் சொன்ன தீர்ப்பின்மேல் மறுநாள் முறையிட்டு, நடுவர் குழு ஒன்றின் முன்னே வழக்கைத் திரும்ப விசாரிக்கும் அவ்வேற்பாடு, வாதம் என்பது ஒருமுறை சொல்லி முடிவதன்று என்ற உண்மையை மேடையிலேயே நிலைநாட்டிவிட்டது.

இத்தகைய மேடைகளில் ஓயாமல் விசாரிக்கப்பட்ட வழக்கு வாலிவதம். கிஷ்கிந்தா காண்டத்தைப் போல வலிமையை அளக்கும் விஷயத்தைத் திறந்து காட்டும் பகுதி நம் காவியங்களில் வேறில்லை. எதிர்த்து நிற்பவருடைய வலிமையில் பாதி வாலியை வந்தடையும் என்று கம்பனின் அனுமன் சொல்கிறான். வான்மீகியின் மூலத்தில் இவ்வரம் பேசப்படவில்லை, இந்திரன் தந்த பொன்மாலையே பேசப்படுகிறது. ஆகவே, மறைந்து நின்று அம்பு எய்ததற்கு இவ்வரமே காரணம் என்பவரை நோக்கி, எல்லையற்ற பரம்பொருளின் வலிமையில் பாதி என்பது என்ன அளவு, அதனை ஒரு வானரன் தாங்குவது எங்ஙனம் என்று எதிரணியார் கேட்பர். இராமன் தன் மானிட வடிவத்தின் வரம்பை மீறவில்லை, ஆகவே வரம் அவனையும் பற்றும் என்று மறுமொழி வரும். ஆனால் கம்பன் இதனை வலிமையின் வழக்காகவே விட்டுவிடவில்லை. வீழ்ந்து கிடக்கும் வாலி, நேர்நின்று பொராமல் மறைந்தது ஏன் என்று கேட்கும்போது, விடை சொல்ல முன்வருபவன் இலக்குவன். தமையன் முன்னரே சுக்கிரீவனுக்கு அபயம் தந்துவிட்டான், நேரே வந்திருந்தால் நீயும் சரண் புகுந்திருப்பாய், அதனாலேயே மறைந்து எய்தான் என்பது அவன் வாதம். அவ்விடையில் பாதி வலிமை என்ற பேச்சே இல்லை. தோள்வலியைக் கொண்டு தொடங்கிய வழக்கு, கொடுத்த வாக்கையும் அடைக்கலத்தையும் கொண்டு முடிகிறது. நாகூரில் பிறந்து சென்னை உயர்நீதிமன்றத்துத் தலைமை நீதிபதியாக இருந்த மு.மு.இஸ்மாயில் போன்றவர்கள் இவ்வழக்கை நீதிமன்றத்துக்குரிய நிதானத்தோடு ஆராய்ந்தனர். மதமும் குலமும் கடந்து இவ்வாதம் எல்லார்க்கும் உரிமையானது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

கதைகள் புது உருவம் எடுத்தபோதும் இப்பழக்கம் மாறவில்லை. 1964-இல் பி.ஆர்.பந்துலுவின் இயக்கத்தில் சிவாஜி கணேசன் நடித்த 'கர்ணன்' திரைப்படம் வெளியானபின், கர்ணன் கட்சிக்கு ஆள் பெருகியது. 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியை அறிமுகப்படுத்தியபோது, மின்சாரம் பாய்ந்தால் உடல் மறையும், ஆனால் இரும்புக்கை மட்டும் மறையாது என்ற விதியைச் சிறுவர்கள் சாஸ்திரம் போலக் காத்தனர். விதி மீறப்பட்ட படம் ஒன்று கண்ணில் பட்டால் பொறுக்கமாட்டார்கள். ஜப்பானியச் சித்திரக்கதையாகிய 'டிராகன் பால்', கண்ணில் அணியும் கருவி ஒன்றினால் எதிரியின் வலிமையை எண்ணாகவே காட்டியது. தம் வலிமையை ஒளித்து வைக்கக் கற்ற வீரர்களிடம் அந்தக் கருவி தோற்றுப்போவதையும் அக்கதையே காட்டிற்று. எண்ணை நம்பியவர் ஏமாறுவர் என்பதைப் பீஷ்மரின் பட்டியலில் அரைத் தேர்வீரனாக நின்ற கர்ணன், வெவ்வேறு நாட்களில் பாண்டவர் நால்வரையும் வென்று உயிரோடு விட்டு முன்பே நிரூபித்திருந்தான். இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் எந்தெந்த நாட்டுக் கற்பனை வீரரை எதிரெதிரே நிறுத்திப் பேசினாலும், மூலத்தைக் காட்டு, நிபந்தனையைச் சொல், முன்னுக்குப் பின் ஒத்திருக்கிறதா பார் என்றே கேட்கிறார்கள். அவர்களைப் பயனற்ற பேச்சு என்று அடக்கும் பெரியவர், தம் பாட்டன் திண்ணையில் பேசியது என்ன என்பதை ஒருகணம் நினைத்தல் நலம்.

சுக்கிரீவனுக்கு இராமனின் வலிமையில் ஐயம் வந்தது. வான்மீகியின் காவியத்திலே, துந்துபி என்னும் அசுரனின் எலும்புக்கூட்டை இராமன் கால்விரலால் நெடுந்தூரம் எறிந்த பின்னும், வாலி எறிந்தபோது இது ஊனும் குருதியும் நிறைந்து பாரமாக இருந்தது, இப்போது உலர்ந்து இலேசாகிவிட்டது, ஆகையால் இதைக் கொண்டு உங்கள் இருவரில் வலியர் யார் என்று துணிய முடியவில்லை என்று அவன் சொல்கிறான். கம்பனிலே மராமரம் ஏழும் முதலில் துளைக்கப்பட, துந்துபியின் கூட்டை எறிபவன் இலக்குவனாகிறான்; வரிசை மாறினும் சோதனை மாறவில்லை. தன்னிடம் அடைக்கலம் புகுந்தவனே தன்னை இவ்வாறு நிறுத்துப் பார்க்கிறான் என்று இராமன் சினக்கவில்லை. ஐயம் தீரும்படி வில்லை எடுத்து ஒரே அம்பினால் ஏழு மரங்களையும் துளைத்தான். ஐயுறுவதற்கும் அளந்து பார்ப்பதற்கும் உள்ள உரிமையைக் காவிய நாயகனே அங்கே ஒப்புக்கொண்டுவிட்டான். கூத்துக் களத்துப் பாயில் படுத்துக்கொண்டு கர்ணனா அர்ச்சுனனா என்று கேட்ட சிறுவனும், கம்பன் கலை அரங்கத்தில் தீர்ப்பின்மேல் முறையிட்ட புலவரும் அந்த உரிமையின் வாரிசுகள். அதனை அவர்கள் இழக்காமல் இருக்கும்வரை, இந்நிலத்துக் கோடையிரவுகளில் கர்ணன் மடிவான். அவன் வழக்கு மடியாது.